பழங்காசை எங்கே விற்பது? கொங்கு மண்ணின் 200 வருடக் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு என் வாட்ஸ்அப்பில் அதிகமாக வருவது இரண்டு. ஒன்று காலை வணக்கம். இன்னொன்று பழைய காசுகளின் படம். இடைநிலை ஆசிரியராக இருந்த 34 வருடமும் வரலாற்றுப் பாடம் வந்தால் நான் வகுப்புக்குக் காசுகளைக் கொண்டுபோய்க் காட்டுவேன். அந்த ஞாபகத்தில் பழைய மாணவர்கள் அனுப்புகிறார்கள். "சார், அப்பத்தா பெட்டியில இருந்துச்சுங்க. எவ்வளவுக்குப் போகுமுங்க? ஆன்லைன்ல போடறதுங்களா, கோயமுத்தூர் கடையில குடுக்கறதுங்களா?"

சுருக்கமான பதில் இதுதான். சாதாரணக் காசு என்றால் பக்கத்துக் கடை. அரிய காசு என்றால் நாலு பேர் பார்க்கும் ஏலம். மண்ணிலிருந்து கிடைத்த காசு என்றால் இரண்டும் கிடையாது, தாசில்தார் அலுவலகம். ஏன் அப்படி என்பதற்கான காரணம் நம் கொங்கு நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ரோமாபுரிக் காசு இங்கே எப்படி வந்தது?

காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் வழியில் படியூரை எல்லோரும் தாண்டிப் போயிருப்பீர்கள். அங்கே பூமிக்குள் கிடைத்த பெரில் என்கிற பச்சைக்கல்லுக்கு 2000 வருடத்துக்கு முன் ரோமாபுரியில் பெரிய கிராக்கி. அந்தப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணல். அங்கே கல்லை அறுத்து, துளை போட்டு, மணியாக்கிய பட்டறைகள் இருந்ததை 1985 முதல் நடந்த அகழாய்வுகள் காட்டின. கல் மேற்கே போனது, மிளகும் போனது, பதிலுக்கு ரோமாபுரி வெள்ளியும் தங்கமும் இங்கே வந்தன. இந்தியா வருடம் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்கிற ரோமானிய எழுத்தாளர் புலம்பி எழுதியிருக்கிறார்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதி பானைகளில் போட்டுப் புதைக்கப்பட்டு நம் மண்ணிலேயே தங்கிவிட்டது. வெள்ளலூரில் 1842-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அதே ஊரில் 1891-லும் 1931-லும் மறுபடியும் கிடைத்தன. கத்தாங்கண்ணியில் 1913-இல் 233 காசுகள். உடுமலைப்பேட்டை பக்கம் பூதிநத்தத்தில் 1946-இல் 1,398 காசுகள். ஒரு காசு மூன்றரை முதல் நாலு கிராம் வரை என்று வைத்துக்கொண்டால் பூதிநத்தம் பானையில் மட்டும் ஐந்து கிலோ வெள்ளி. இவற்றில் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரண்டு ரோமானியப் பேரரசர்கள் காலத்துக் காசுகள்.

கிடைத்த காசெல்லாம் எங்கே போனது?

1800-இல், திப்பு சுல்தான் வீழ்ந்த மறு வருடம், பிரான்சிஸ் புக்கானன் என்பவரைக் கம்பெனி அரசு மைசூர், கொங்கு, மலபார் நாடுகளைச் சுற்றிப் பார்த்து எழுதச் சொன்னது. அவர் பொள்ளாச்சிக்கு வந்தபோது அங்கே ஒரு பானை நிறைய ரோம வெள்ளிக் காசு கிடைத்திருந்தது. கலெக்டராக இருந்த ஹர்டிஸ் அதில் சிலவற்றை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். புக்கானன் நன்றியோடு வாங்கிக்கொண்டு புத்தகத்திலும் எழுதி வைத்தார். மீதிப் பானை என்ன ஆனது? துரைமார் பையில் கொஞ்சம் போயிருக்கும், தட்டார் உலையில் கொஞ்சம் போயிருக்கும். 1847-இல் கேரளத்தில் கண்ணூர் பக்கம் கோட்டயம் என்ற ஊரில் நூற்றுக்கணக்கான ரோமப் பொற்காசுகள் கிடைத்தபோதும் ஏராளமானவை நகையாக உருகிப் போயின.

அருங்காட்சியகத்துக்குப் போனவை தப்பின. வெள்ளலூர்க் காசுகளில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனதால்தான் இன்றைக்கும் நாம் அவற்றைப் பற்றிப் பேச முடிகிறது. புதுக்கோட்டைச் சீமையில் கறுக்காக்குறிச்சியில் 1898-இல் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வரை போயின. அவற்றில் பெரும்பாலானவற்றில் அரசர் முகத்தின் மேல் உளியால் வெட்டிய கோடு இருக்கிறது. ஏன் வெட்டினார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். காசுகள் ஒன்றாக இருந்ததால்தான் அப்படி ஒரு கேள்வியே பிறந்தது. தனித்தனியாக 501 பேருக்கு விற்றிருந்தால், "என் காசில் ஒரு கீறல் இருக்கிறது, விலை குறையும்" என்பதோடு பேச்சு முடிந்திருக்கும்.

மக்கள் ஏன் மறைத்தார்கள்?

மக்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1878-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த இந்தியப் புதையல் சட்டம்தான் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் யாரும் இல்லை என்று தீர்மானமாகி, நில உரிமையாளரோடு வேறு உடன்பாடும் இல்லை என்றால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. மறைத்தால் பங்கும் போகும், தண்டனையும் உண்டு.

சிக்கல் அடுத்த வரியில் இருக்கிறது. அரசு அதை எடுத்துக்கொண்டால் கொடுப்பது பொருளின் உலோக மதிப்பும், அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கும். அதாவது வெள்ளிக் காசுக்கு வெள்ளி விலை, கூடவே 20 சதவீதம். சேகரிப்பவர் பத்து மடங்கு கொடுக்கத் தயாராக இருக்கும் காசுக்கும் அதேதான். உழவு சாலில் பானையைப் பார்த்தவன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டு ராத்திரியில் தட்டாரிடம் போவான்.

இங்கிலாந்தில் 1996-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் சந்தை விலையே வெகுமதியாகக் கிடைக்கும். 2010-இல் ஃப்ரோம் என்ற ஊருக்குப் பக்கத்து வயலில் ஒருவர் உலோகம் காட்டும் கருவியோடு தேடும்போது பெரிய பானையின் வாய் தட்டுப்பட்டது. அவர் மேலே தோண்டாமல் நிறுத்திவிட்டு அதிகாரிகளைக் கூப்பிட்டார். பானையில் இருந்தவை 52,503 ரோமக் காசுகள். அருங்காட்சியகம் 3,20,250 பவுண்டு கொடுத்தது, கண்டெடுத்தவரும் நிலத்துக்காரரும் பகிர்ந்துகொண்டார்கள். அடுக்கடுக்காக எடுத்ததால் எந்தக் காசு பானையில் எந்த இடத்தில் இருந்தது என்பது வரை பதிவாகியிருக்கிறது. நேர்மைக்கு நியாயமான கூலி கிடைத்தால் மக்கள் நேர்மையாக இருப்பார்கள். நம் சட்டத்திலும் இந்த ஒரு வரி மாற வேண்டும் என்பது என் தனிப்பட்ட கருத்து.

கரூர்க் காசும் கடைக்காரர்களும்

இப்போது கடைக்காரர் பக்கம் வருவோம். பழங்காசு வியாபாரி என்றாலே ஏமாற்றுக்காரர் என்று நினைக்க வேண்டாம். சேர அரசர்களின் காசுகள் நமக்குக் கிடைத்ததே பெரும்பாலும் அந்த வழியில்தான்.

கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்துக் காசு பொறுக்குகிறவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் உள்ளூர் வியாபாரி வாங்குவார். அவரிடம் சேகரிப்பாளர்கள் வாங்குவார்கள். அப்படி வந்தவற்றில்தான் தமிழி எழுத்தில் 'மாக்கோதை' என்று பெயர் பொறித்த வெள்ளிக் காசு இருந்தது. 'கொல்லிப்புறை' என்று எழுதிய செப்புக் காசும் இருந்தது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் பழங்காசு வியாபாரிகளிடம் வாங்கிய பாண்டியர் காசு ஒன்றைச் சுத்தம் செய்து பார்த்தபோது 'பெருவழுதி' என்ற பெயரைப் படித்தார். சங்ககாலத் தமிழ் அரசர்கள் தங்கள் பெயர் போட்டுக் காசு வெளியிட்டார்களா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு அந்தச் சின்னச் செம்பு பதில் சொல்லியது.

உள்ளூர் வியாபாரிக்குக் காசு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று தெரியும். "இது கரூர் ஆத்துச் சரக்கு" என்று சொல்லித்தான் கொடுப்பார். அந்த ஒரு வார்த்தையால்தான் மாக்கோதை காசைக் கரூரோடும் சேரரோடும் சேர்த்துப் பார்க்க முடிந்தது. அதே காசு செல்போன் படமாக, 'பழங்காலக் காசு, தென்னிந்தியா, அரியது' என்று நாலு கை மாறி வந்தால் அது எந்த ஊர் என்பது யாருக்கும் தெரியாது. ஆன்லைன் விற்பனையில் நான் காணும் பெரிய குறை இதுதான். விலை கூடலாம், ஊர்ப் பெயர் தொலைந்துவிடும்.

அப்பத்தா பெட்டியில் இருப்பது என்ன?

எனக்கு வரும் படங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு ரோமக் காசும் அல்ல, சேரர் காசும் அல்ல. விக்டோரியா ராணி, எட்வர்டு, இரண்டு ஜார்ஜ் மன்னர்கள், அதற்குப் பிறகு சுதந்திர இந்தியக் காசுகள். இவற்றைப் பற்றி நாலு விஷயம் தெரிந்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

முதலாவது எடை. ராணி, ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. அந்தக் காலத்தில் கடைகளில் தராசுப் படிக்கல்லாகவே ரூபாயைப் போட்டார்கள். 1939 வரை வந்த ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. யுத்தத்தினால் 1940 முதல் பாதி வெள்ளி ஆக்கினார்கள், சுமார் 5.8 கிராம். 1947 ரூபாய் வெறும் நிக்கல். ஒரு கடையில் 1918-ஆம் வருட ரூபாயையும் 1944-ஆம் வருட ரூபாயையும் ஒன்றாகக் கொட்டி, எல்லாவற்றுக்கும் பாதி வெள்ளிக் கணக்குப் போட்டதை நானே பார்த்தேன். விற்க வந்த பெரியவருக்கு வருடம் படிக்கத் தெரியவில்லை. நான் பிரித்து வைத்த பிறகு கணக்கு மாறியது. வருடத்தைப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரிக்க ஒரு பத்து நிமிடம் போதும்.

இரண்டாவது, பழசு என்பதாலேயே அரிதாகிவிடாது. 1862 என்று போட்ட ராணி ரூபாயை அந்த வருடத்துக்குப் பிறகும் பல வருடம் அதே தேதியோடு அடித்தார்கள், அதனால் இன்றும் நிறையக் கிடைக்கிறது. 1911-ஆம் வருட ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் கொஞ்சம் விசேஷம். ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று புகார் எழுந்ததால், வெளியிடுவதை நிறுத்தி, கையிருப்பை உருக்கி, 1912-இல் யானையின் உருவத்தைத் திருத்தி அடித்தார்கள். 'பன்றி ரூபாய்' என்றால் சேகரிப்பவர்களுக்குத் தெரியும். ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் உண்மையிலேயே அரிது. அதனாலேயே 1938 ரூபாயில் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கிய போலிகளும் உலவுகின்றன. 1943 முதல் வந்த ஓட்டைக் காலணா அழகாக இருக்கும், ஆனால் படி படியாக இருக்கிறது.

மூன்றாவது, தேய்க்காதீர்கள். புளி, திருநீறு, பாத்திரம் தேய்க்கும் பொடி எதுவும் வேண்டாம். பளபளவென்று தேய்த்த காசைச் சேகரிப்பவர் தொடமாட்டார், உலோக விலைக்குத்தான் போகும். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசுக்கும் அதே கதிதான்.

நாலாவது, அச்சடித்த சாலையின் குறி. வருடத்துக்குக் கீழே வைரம் போன்ற குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, குறியே இல்லை என்றால் கல்கத்தா. சில வருடங்களில் ஒரு சாலையின் காசு குறைவாக வந்திருக்கும், விலை வித்தியாசம் அதனால்தான்.

கடையா, ஆன்லைனா?

நம் ஊரில் மாடு விற்பதை நினைத்துப் பாருங்கள். பல் பார்க்க, சுழி பார்க்கத் தெரிந்தவன் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து நல்ல விலை பேசுவான். தெரியாதவன் தரகர் சொன்ன விலைக்குக் கயிற்றை மாற்றிவிட்டு வருவான். காசும் அப்படித்தான்.

கடையில் விற்றால் பணம் அன்றைக்கே கையில் கிடைக்கும். காசை நேரில் எடை போடுவதால் அப்புறம் தகராறு வராது. ஆனால் அவர் லாபம் வைத்துத்தான் வாங்குவார், நீங்கள் கேட்பது அவர் ஒருவரின் விலையை மட்டும்தான். அதனால் குறைந்தது மூன்று கடை ஏறி இறங்குங்கள். திருப்பூர், ஈரோடு, கோவையில் நாணயக் கண்காட்சி நடந்தால் ஒரே கூரையின் கீழ் பத்து வியாபாரிகளைப் பார்க்கலாம்.

ஆன்லைனில் வாங்குபவர் அதிகம், அரிய காசுக்குப் போட்டி வரும். ஆனால் நல்ல படம் எடுக்க வேண்டும், விலாசம் கொடுக்க வேண்டும், தபாலில் அனுப்ப வேண்டும், "இது அந்தக் காசு இல்லை" என்று திருப்பி அனுப்பினால் பேச வேண்டும். முப்பது ஓட்டைக் காலணாவுக்கு இந்தப் பாடு தேவையில்லை. உண்மையிலேயே அரிய காசு இருந்தால் மும்பை, பெங்களூரு போன்ற ஊர்களில் முறையாக உரிமம் பெற்று ஏலம் நடத்தும் நிறுவனங்களுக்கு எழுதிக் கேளுங்கள். கமிஷன் எவ்வளவு, விற்காவிட்டால் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் என்ற பெயரில் நடக்கும் மோசடி தனிக் கதை. போன வருடம் எங்கள் பகுதியில் நடந்தது. என்னிடம் படித்த ஒரு பையனின் அம்மா, கணவரை இழந்தவர், தேங்காய்க் களத்தில் வேலை செய்கிறார். வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசுக்குப் பத்து லட்சம் என்று செல்போனில் விளம்பரம் பார்த்து அழைத்திருக்கிறார். அந்தப் பக்கம் பேசியவன் ரிசர்வ் வங்கி அடையாள அட்டை ஒன்றையே படமாக அனுப்பினான். முதலில் பதிவுக் கட்டணம் 1,150 ரூபாய். அப்புறம் ஜிஎஸ்டி என்று 6,500. மூன்றாவதாக 18,000 கேட்டபோதுதான் மகனிடம் சொன்னார். அன்று சாயந்திரம் அந்தக் காசைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தார். "இது உண்மையாலுமே அவ்வளவு பெறாதுங்களா, வாத்தியாரே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. அது 2012-இல் ஆலய வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக வந்த காசு, புழக்கத்துக்காக ஏராளமாக அடித்தது, ஐந்து ரூபாய்க்கு ஐந்து ரூபாய்தான் என்று சொன்னேன். போன 7,650 ரூபாய் திரும்ப வரவில்லை.

தயவுசெய்து இதை வீட்டில் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பழைய காசு, நோட்டு வாங்குவதிலோ விற்பதிலோ தாங்கள் ஈடுபடுவதில்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தங்கள் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 4.8.2021 அன்று அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு, 786 எண் நோட்டு என்று லட்சக் கணக்கில் சொல்வதெல்லாம் இந்த வகைதான். விற்பவர் முன்பணம் கட்டும் வியாபாரம் உலகத்தில் எங்கும் கிடையாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

சட்டம் இன்னொன்றும் உண்டு. 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய காசு தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பி விற்கக் கூடாது, தொழிலாக வாங்கி விற்பவருக்கு உரிமம் வேண்டும். ஆன்லைனில் வெளிநாட்டு ஆள் ஒருவர் டாலர் தருகிறேன் என்றால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். கடைக்காரரிடமும் உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கிணறு தோண்டும்போதோ, காடு ஓட்டும்போதோ, வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கும்போதோ காசு தென்பட்டால் கை வைக்காமல் அப்படியே படம் எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலர் மூலமோ தாசில்தார் மூலமோ கலெக்டருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், ஒப்புகை வாங்குங்கள். வீட்டுப் பெட்டிக் காசு என்றால் விற்பதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்து, யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, யார் யாருக்குக் கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். வாங்குபவரிடமும் அதில் ஒரு நகல் கொடுங்கள். அப்படி எழுதியவர்கள் இருந்ததால்தான் பொள்ளாச்சிப் பானையின் கதை இன்றைக்கு நமக்குத் தெரிகிறது.

உங்கள் வீட்டிலோ ஊரிலோ காசு கிடைத்த கதை இருந்தால் கருத்துப் பகுதியில் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தொகுத்து வருகிறேன். காசின் படம் அனுப்புபவர்கள் வருடமும் அடிக் குறியும் தெளிவாகத் தெரியும்படி அனுப்பவும். பகிர விரும்புபவர்கள் தாராளமாகப் பகிரலாம்.